பூச்சியத்தை நோக்கும் கடிகாரம்: ஓர் அறவியல் நோக்கு

இணையப் பக்கமொன்றில் ஒரு கடிகாரத்தைப் பொருத்துவது அறவியலுக்குரிய பிரச்சினையாகுமா எனச் சிலர் வினவக்கூடும். அது கணினி கற்றோர் கவனிக்கவேண்டிய கருமம் என்றும், மெய்யியல் பயில்வோர் அதில் தலையிட ஏதுமில்லை என்றும் அவர்கள் கருதுவர். சென்ற ஆண்டுவரை நானும் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்து மாறியதற்குக் காரணம் நூலொன்றன்று; ஒரு கடிதம். அதனைப் பற்றிக் கூறுமுன் கடிகாரத்தைப் பற்றிக் கூறவேண்டும்.

கவுன்ட்டவுன் என ஆங்கிலப் பெயரால் எல்லோரும் வழங்கும் இறங்குமுகக் கடிகாரத்தையே ஈண்டுக் குறிப்பிடுகிறேன். பொருள் விற்கும் பக்கங்களிலும் பயணச்சீட்டுப் பதியும் பக்கங்களிலும் நாள், மணித்தியாலம், நிமிடம், செக்கன் என நான்கு பெட்டிகளாக அது நிற்கும். சாதாரணக் கடிகாரம் எத்தனை மணி என்று கூறி அமைந்துவிடும். இதுவோ நமக்கு இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கூறுகிறது. முன்னது அறிவிப்பு, பின்னது ஏறத்தாழ ஒரு கட்டளை.

அதனை ஆக்கும் முறை கலைப்பீட மாணவனுக்கும் விளங்கத்தக்க அளவுக்கு எளிது. கணினிக்குக் காலம் என்பது ஓர் எண். 1970 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு தொடக்கம் கழிந்த மில்லிசெக்கன்களின் தொகையையே ஜாவாஸ்கிரிப்ட் மொழி 'இப்பொழுது' எனக் கொள்கிறது. நேர்மையான கடிகாரத்தைச் செய்வோன், முடிவுக் கணத்தையும் அவ்வாறே ஓர் எண்ணாக எழுதிவைக்கிறான். செக்கனுக்கு ஒருமுறை அதிலிருந்து நிகழ்கணம் கழிக்கப்படுகிறது. மீதியை 86,400,000 ஆல் வகுக்க நாள்களும், அதில் எஞ்சுவதை 3,600,000 ஆல் வகுக்க மணித்தியாலங்களும் வருகின்றன. நேர்மையற்ற கடிகாரத்திலும் இதே கழித்தலும் இதே வகுத்தலுமே நடைபெறுகின்றன. ஆயின் அங்கே முடிவுக் கணம் என ஒன்று எழுதிவைக்கப்படுவதில்லை. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் கணத்தோடு பதினைந்து நிமிடமோ மூன்று நாளோ கூட்டி, அவரவர்க்கென ஒரு முடிவு அப்போதே உண்டாக்கப்படுகிறது. பூச்சியத்தை அடைந்ததும் அது மீண்டும் மேலே ஏறி நிற்கும். மெய்க் கடிகாரத்துக்கும் பொய்க் கடிகாரத்துக்கும் இடையில் ஒரேயொரு வரிதான் வேறுபாடு. பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் புலப்படாது.

நேர்மையை நாடுவோனும் இங்கு வழுக்கி விழ இடமுண்டு. டிசம்பர் 31 நள்ளிரவு என்று மட்டும் எழுதி, எந்த ஊரின் நள்ளிரவு என்பதை எழுதாது விட்டால், நிரல் பார்ப்பவரின் ஊர் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் முடிந்துபோன தவணை, ரொறன்ரோவில் இருக்கும் உறவினருக்கு இன்னும் பத்தரை மணித்தியாலம் மிஞ்சியிருப்பதாகத் தோன்றும். உண்மை கூற விரும்புவது வேறு, உண்மை கூறுவதற்குரிய சிரத்தையை எடுப்பது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணத்தை நான் வகுப்பறையில் கேட்டதில்லை.

இனி, கடிதத்துக்கு வருவோம். நாங்கள் சில மாணவர் சேர்ந்து, வசதி குறைந்த கிராமப் பாடசாலையொன்றுக்கு ஒரு சிறு நூலகம் அமைக்கப் பணம் திரட்டினோம். அதற்கென ஓர் இணையப் பக்கம் அமைத்தோம். முதல் இரு வாரங்களில் வந்த தொகை ஓர் அலுமாரி வாங்கவும் போதாது. அப்போது கணினி விஞ்ஞானம் பயிலும் நண்பர் ஒருவர், பக்கத்தின் தலைப்பில் ஒரு கடிகாரத்தைப் பொருத்தலாம் என்றார். எவர் எப்போது திறப்பினும் மூன்று நாளிலிருந்து இறங்கத் தொடங்கும். முடிந்ததும் மறுபடி மூன்று நாள். எங்களுக்கு உண்மையில் தவணை எதுவும் இருக்கவில்லை. 'இன்னும் மூன்று நாள்களே உள்ளன' என்ற வாசகத்தை அதன் கீழ் எழுதியவன் நானே. பணம் வரத் தொடங்கியது. எவருக்கும் உறுத்தல் ஏற்பட்டதாக நினைவில்லை. எனக்கும் ஏற்படவில்லை.

ஒரு மாதத்தின் பின் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பேரன் தன் கைத்தொலைபேசியில் எங்கள் பக்கத்தைக் காட்டினானாம். அதில் ஒரு நாளும் சில மணித்தியாலமும் எஞ்சியிருந்தனவாம். ஓய்வூதியம் கைக்கு வர இன்னும் ஐந்து நாள் இருந்தமையால், அயல்வீட்டில் மூவாயிரம் ரூபா கடன் பெற்று, மழையில் பஸ் ஏறி வங்கிக்குச் சென்றிருக்கிறார். வங்கியில் அன்று வேலை முடியவில்லை. மறுநாளே பணம் வைப்பிலிடப்பட்டது. 'பிள்ளைகளே, நேரம் தப்பிவிட்டதென்று அறிவேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சேர்க்க முடியாதெனின் திருப்பி அனுப்பி வீண்செலவு செய்யாமல், அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்பதே கடிதத்தின் சாரம். மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் அதனை வாசித்துக்கொண்டிருந்தோம். கேட்கத் தேவையில்லாதவர் கேட்டிருந்தார்.

அன்றிரவு விடுதியில் நண்பரும் நானும் நெடுநேரம் வாதிட்டோம். அவர் தமிழறிந்தவர், நேராக வள்ளுவரிடம் சென்றார். வாய்மை அதிகாரத்திலே, நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என வள்ளுவர் இடங்கொடுத்திருக்கிறார் அல்லவா, நூலகம் நன்மையல்லவா என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. எமது மரபு, பொய்யை எவ்விடத்தும் விலக்கிய மரபன்று. தீங்கு தராத சொல்லே வாய்மை என்று அதே அதிகாரம் தொடங்குவதால், சொல்லின் மெய்ம்மையினும் அதன் விளைவையே வள்ளுவர் முதன்மையாகக் கொண்டார் என வாதிப்போர் நம் விரிவுரையாளரிடையேயும் உளர்.

ஆயின் வள்ளுவர் வெறும் நன்மை என்று கூறிச் செல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்று அடைகொடுத்தே கூறியிருக்கிறார். அந்த அடைமொழியிலேதான் முழு வழக்கும் தங்கியிருக்கிறது. எங்கள் நன்மையில் ஒரு முதியவரின் கடனும் நனைந்த சேலையும் தேவையற்ற நாணமும் கலந்திருந்தன. அவற்றை நாங்கள் விரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் கடிகாரம் வேலை செய்ததே அவ்வாறான மனிதர்களால்தான். தவணை என்றால் தவணை என நம்பிப் பழகியோர், வாக்கை மதிப்போர், கையில் பணம் இல்லாதபோதும் கேட்டவருக்கு இல்லை என்று கூறத் தெரியாதோர் ஆகியோர்மீதே அதன் முழுப் பாரமும் விழுகிறது. கள்ளன் ஒருவன் அக்கடிகாரத்தைக் கண்டால் சிரித்துவிட்டுப் போவான். நல்லவர்களைத் தேர்ந்தெடுத்து வருத்தும் கருவியொன்றால் வரும் நன்மையைக் குற்றம் நீங்கியது எனக் கூற எனக்கு நா எழவில்லை.

இது விளைவு பற்றிய வாதம். ஆசிரியைக்குப் பதிலாக வசதி படைத்த ஒருவர் பணம் அனுப்பியிருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நண்பர் கேட்டார். சரியாகாது என்பதே என் துணிபு. அதற்கான காரணத்தைக் கண்டுகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

பொய்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சந்தையில் ஒருவன் பாகை ஊற்றிவைத்துத் தூய தேன் என்று கூறி விற்கிறான் என்க. அவன் பொய்யன்தான். எனினும் கேட்பவனின் நாவையும் மூக்கையும் அவன் விட்டுவைக்கிறான். கேட்பவன் ஒரு துளியைச் சுவைத்துப் பார்க்கலாம், அயலவரிடம் விசாரிக்கலாம், ஒன்றும் தோன்றாவிடின் நாளைக்கு வருகிறேன் என்று கூறி நடக்கலாம். பொய்க் கடிகாரம் கேட்போனிடமிருந்து பறிப்பது அந்த நாளையைத்தான். மற்றைப் பொய்கள் ஆராய்ச்சிக்குத் தவறான பொருளைக் கொடுக்கின்றன. இதுவோ ஆராய்வதற்குரிய அவகாசத்தையே எடுத்துவிடுகிறது. தன்னைப் பொய்யென்று கண்டுபிடிப்பதற்குத் தேவையான காலத்தையே விழுங்கி வாழும் பொய் இது. ஆதலின், உள்ளவரும் இல்லாதவரும் இதனால் ஒருங்கே இழக்கின்றனர். பணத்தை இழப்பதில் மட்டுமே அவர்களிடையே வேறுபாடு.

திருக்குறளின் அதிகார வைப்பு முறையை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். தெரிந்துசெயல்வகை 47 ஆம் அதிகாரம், வலியறிதல் 48 ஆம் அதிகாரம், காலமறிதல் 49 ஆம் அதிகாரம். அரசனுக்குக் கூறப்பட்டவையாயினும் இவ்வரிசை எவர்க்கும் பொருந்தும் எனவே எனக்குத் தோன்றுகிறது. செய்யத்தக்கதா என்பதை முதலில் ஆராய்தல், தன்னால் இயலுமா என்பதை அடுத்து நோக்குதல், அதன் பின்னரே காலத்தைக் கருதுதல். இறங்குமுகக் கடிகாரமோ காலத்தை முதலிலே கொண்டுவந்து நிறுத்தி, ஏனைய இரண்டையும் வெளியே தள்ளுகிறது. ஆசிரியை தம் வலியறியவில்லை என்று கூறமுடியாது, அறிந்திருந்தார். அதனைக் கணக்கில் எடுக்கத்தான் நாங்கள் அவகாசம் கொடுக்கவில்லை.

சட்டம் இதனை மெய்யியலாளருக்கு முன்பே கண்டுகொண்டது என்பது சற்று வெட்கத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியம் நேர்மையற்ற வர்த்தக நடைமுறைகள் பற்றி 2005 இல் ஆக்கிய பணிப்புரை, எச்சூழ்நிலையிலும் தவறானவை எனச் சில செயல்களைப் பட்டியலிடுகிறது. மிகக் குறுகிய காலத்துக்கே ஒரு பொருள் கிடைக்கும் எனப் பொய்யுரைத்து, அறிந்து தெரிவுசெய்யப் போதிய காலத்தை வாங்குவோரிடமிருந்து பறித்தல் அவற்றுள் ஒன்று. விலையைப் பற்றியோ பொருளின் தரத்தைப் பற்றியோ இங்கு பேச்சில்லை என்பது நோக்கற்பாலது. எனினும் வழக்கம் சட்டத்துக்கு அடங்கியதாகத் தெரியவில்லை. பிரின்ஸ்டன், சிக்காகோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 விற்பனைத் தளங்களை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட கட்டுரையில், 361 தளங்களில் இறங்குமுகக் கடிகாரங்களைக் கண்டதாகவும், அவற்றுள் 140 தளங்களில் அவை பொய்யானவை என்றும் கூறினர். எங்கள் பக்கம் விற்பனைத் தளமன்று. ஆனால் எந்தப் பக்கத்தில் சேர்த்து எண்ணத்தக்கது என்பதில் ஐயமில்லை.

எல்லோரும் செய்வதால் எவரும் ஏமாறுவதில்லை என்று வாதிப்போர் உளர். நாடகத்தில் அரசனாக வருபவனைப் பார்த்துப் பொய்யன் என்று எவரும் கூறுவதில்லை. கடிகாரமும் அத்தகைய மரபே என்பர். அவ்வாறாயின் அதனை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாதல்லவா? எவரும் நம்பாத கடிகாரத்தால் பயன் எதுவும் இல்லை. பயன் உண்டாயின் எவரோ நம்புகின்றனர். திருப்பிக் கொடுக்கும் எண்ணமின்றித் திருப்பித் தருவேன் என்று கூறிக் கடன் வாங்குபவனைப் பற்றிக் கான்ற் 1785 இல் எழுதியது இதற்கும் முற்றாகப் பொருந்தும். அவனுடைய பொய், பிறர் வாக்குத் தவறாமல் கட்டியெழுப்பிய நம்பிக்கையைத் தின்று வாழ்கிறது. பயன்முதல்வாதியான மில்கூட, உண்மையிலிருந்து விலகும் ஒவ்வொரு செயலும் மனிதர் சொல்மீதுள்ள நம்பிக்கையைத் தளரச்செய்கிறது என்பதை ஒப்புக்கொண்டவரே.

இதனினும் வலிய வாதம் ஒன்று உண்டு. எல்லாத் தவணைகளும் மனிதர் இட்டவைதாமே? பரீட்சை ஏன் மூன்று மணித்தியாலம்? விண்ணப்பம் ஏன் 15 ஆந் திகதியோடு முடிகிறது? இயற்கையில் அதற்கு ஆதாரமில்லை. எனவே எங்கள் மூன்று நாள் மட்டும் எவ்வாறு பொய்யாகும்? நண்பர் இதனைக் கேட்டபோது நான் திகைத்தது உண்மை. விடை பழைய ஏதென்ஸிலிருந்து கிடைத்தது. அந்நகர நீதிமன்றங்களில் வழக்காடுவோரின் பேச்சு மட்பாண்டத்திலிருந்து ஒழுகும் நீரால் அளக்கப்பட்டது. அகழ்வில் கிடைத்த பாண்டம் ஒன்று ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் வெறுமையாகக் கூடியது. அந்த ஆறு நிமிடமும் மனிதர் இட்ட எல்லைதான். ஆயினும் குற்றஞ்சாட்டியவன் பேச்சுக்கும் எதிராளியின் பேச்சுக்கும் நீரே அளவு. பாண்டத்தை வைத்த நகரமும் அதற்குக் கட்டுப்பட்டது. பரீட்சை மண்டபத்திலும் அப்படியே. மணி அடித்ததும் மாணவன் எழுதுவதை நிறுத்தவேண்டும். மேற்பார்வையாளரும் விடைத்தாளை வாங்கியே ஆகவேண்டும். இட்டவனையும் சேர்த்துக் கட்டுவதே தவணை. மற்றவனை மட்டும் கட்டி, இட்டவனைத் தளர விட்டிருப்பது தவணையன்று, கயிறு. எங்கள் கடிகாரம் பூச்சியத்தை அடைந்தபோது எங்களுக்கு எதுவும் முடியவில்லை.

மெய்யான தவணையெல்லாம் நல்லது என்பதும் இதனால் பெறப்படாது. நீர்க் கடிகாரத்தின் நெருக்குதலில் பேசுவோன் அடிமையின் நிலையில் இருக்கிறான் என்றும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றுக்குச் சென்று மீளும் ஓய்வு மெய்யியலாளனுக்கே உண்டு என்றும் பிளேட்டோ தமது தியேட்டீட்டஸ் உரையாடலில் சோக்கிரதீஸைக் கொண்டு கூறுவிக்கிறார். கி.மு. 399 இல் தம் விசாரணையின்போதும், ஒரே நாளில் இத்தகைய வழக்கைத் தீர்ப்பது தகாது, மேலும் அவகாசம் இருந்திருப்பின் உங்களை இணங்கவைத்திருப்பேன் என்னும் கருத்துப்பட சோக்கிரதீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். எல்லோரையும் சமமாகக் கட்டிய நேர்மையான கடிகாரம்தான் அது.

ஆயினும் அந்த ஏதென்ஸ் மக்களிடம் நாம் கற்கத்தக்க ஒரு சிறு வழக்கம் இருந்தது. சாட்சியங்களோ சட்ட வாசகங்களோ வாசிக்கப்படும்போது, சில வழக்குகளில் நீர்ப்பாண்டத்தின் துளையை அடைத்துவிடுவர் என அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கூறும். உண்மையைக் கேட்கும் நேரம் பேச்சின் கணக்கில் சேராது. இறங்குமுக எண்ணிக்கையை உலகுக்குக் காட்டிப் பிரபலப்படுத்தியது பிரிட்ஸ் லாங் என்னும் நெறியாளர் 1929 இல் ஆக்கிய சந்திரனில் பெண் என்ற ஜேர்மனியப் படமாகும். அங்கே ராக்கெட் ஏவப்படுமுன் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பார்ப்போர் நெஞ்சம் துடிக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். உண்மையான ஏவுதளங்களிலோ எண்ணிக்கை சரிபார்ப்பதற்காக உள்ளது. ஐயம் எழுந்தால் எண்ணிக்கை நிறுத்திவைக்கப்படும். ஐயம் தீர்ந்தபின் தொடரும். விற்பனைத் தளங்கள் ஏவுதளத்திலிருந்தன்றிப் படக்கொட்டகையிலிருந்தே பாடம் கற்றுள்ளன போலும்.

நிறுத்திவைக்கும் உரிமை வெறும் கற்பனையன்று. இணையத்துக்கான பொது விதிமுறைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, வலுக்குறைந்தோரும் பக்கங்களைப் பயன்படுத்துவது பற்றி 2008 இல் வெளியிட்ட நெறிகளில், ஒரு பக்கம் கால எல்லை விதித்தால் பார்ப்பவர் அதனை நீக்கவோ, பத்து மடங்குவரை நீட்டவோ, முடியுமுன் எச்சரிக்கை பெற்று நீடிக்கவோ வழியிருக்கவேண்டும் என்கிறது. ஏலம் போன்று உண்மையில் அந்நேரத்திலேயே நிகழ்பவற்றுக்கு விலக்கு உண்டு. பார்வை மங்கியோரையும் கை நடுங்குவோரையும் மெல்ல வாசிப்போரையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி அது. எல்லோரும் ஒரே வேகத்தில் சிந்திப்பதில்லை என்ற எளிய உண்மையை அவ்விதியில் காண்கிறேன். எமது பாடநூல்கள் பலவற்றில் அதனைக் காணவில்லை.

கடிதம் வந்த மறுநாள் கடிகாரத்தை அகற்றினோம். அது பற்றி எங்களிடையே கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆசிரியைக்கு என்ன எழுதுவது என்பதில்தான் இருந்தது. பணம் உரிய நேரத்தில் சேர்ந்தது, நன்றி என்று எழுதினால் அவர் மனம் ஆறும் என்றார் நண்பர். அது முதற் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். தவணையே இருக்கவில்லை என்று எழுதினால், அவர் மழையில் சென்றதும் கடன்பட்டதும் வீணென்று அவருக்கு நாமே அறிவிப்பதாகும். பொய் கூறியவனுக்குப் பின்னர் எஞ்சும் தெரிவுகள் யாவும் இப்படிப்பட்டவையே. ஈற்றில் உண்மையை நான்கு வரியில் எழுதி, மன்னிப்புக் கேட்டு, பணத்தை மீளப் பெற விரும்பினால் அனுப்புவதாகவும் குறிப்பிட்டு, எல்லோரும் கையொப்பமிட்டோம். அவரிடமிருந்து பதில் வரவில்லை. பேரன் மட்டும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, பணம் இருக்கட்டும் என்று பாட்டி கூறச் சொன்னதாகக் கூறினான்.

இவ்வாண்டு அதே பாடசாலைக்காக மறுபடியும் பணம் திரட்டினோம். இம்முறை மெய்யான தவணை ஒன்று இருந்தது: புத்தக விற்பனையாளர் குறைந்த விலை தர ஒப்புக்கொண்ட கடைசி நாள். அதனை இலங்கை நேரம் என்று தெளிவாகக் குறித்து, காரணத்தையும் கீழே எழுதி, நண்பரே கடிகாரத்தைப் பொருத்தினார். அது பூச்சியத்தை அடைந்த கணத்தில் பக்கம் மூடப்பட்டது. அதற்குப் பின்னரும் பழைய கணக்கிலக்கத்துக்கு மூவர் பணம் அனுப்பியிருந்தனர். நூல்களின் பட்டியல் முடிந்துவிட்டமையால் அம்மூவருக்கும் திருப்பி அனுப்பினோம். அவர்களுள் ஒருவர் மனம் வருந்தி எழுதியிருக்கிறார். பொய்க் கடிகாரமாயிருந்தால் அவரை ஏற்றுக்கொண்டிருப்போமே என்று நண்பர் கேட்கிறார். அவருக்கு இன்னும் நான் முழுமையாக விடையளிக்கவில்லை.